வாத்தியார் வீட்டு முட்டை

வேன்காரர் பத்தாவது ட்ரேயையும் இறக்கி வாசற்படியில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சனிக்கிழமை ஏற்றிக்கொண்டு போன முட்டைகள். திங்கட்கிழமை காலையில், ஒன்றுகூட உடையாமல், ஒன்றுகூட விற்காமல், பத்திரமாகப் பிறந்த வீடு திரும்பியிருந்தன.

"அழுகிப் போச்சா?" என்றார் மாப்பிள்ளை.

"முட்டைக்கு ஒரு குறையும் இல்ல சார். படம்தான்."

"படத்துக்கு என்ன?"

"எனக்கென்ன தெரியும், நான் வெளியூர்க்காரன். கடைக்காரர் ட்ரேயைத் திறந்தார், படத்தைப் பார்த்தார், மூடிட்டார். 'இவரோட முட்டை எனக்குப் பழக்கம், போதும்'னார். அடுத்த கடையிலயும் அதே கதை. மூணாவது கடைக்காரர் எழுந்தே நின்னுட்டார்."

"மரியாதையிலயா?"

"பயத்துலன்னு நினைக்கிறேன்."

வேன்காரர் போய்விட்டார். மாப்பிள்ளை ஒரு முட்டையை எடுத்துப் பார்த்தார். முட்டையின் நடுவில், நாணயம் அளவு ஸ்டிக்கரிலிருந்து, மூக்குக்கண்ணாடி போட்ட மாமனார் அவரை முறைத்தார். கீழே இரண்டு வரி: 'கணக்கு வாத்தியார் வீட்டு முட்டை. எல்லாம் கணக்காக இருக்கும்.'

ஸ்டிக்கர் மாப்பிள்ளையின் யோசனை. ஒன்பது வருடம் சோப்புக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். கம்பெனி அந்தக் கிளையை மூடிவிட்டது. கேட்டவர்களிடம் "கொஞ்சம் ஓய்வு எடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு மனைவியோடு மாமனார் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது என்பதால், வீட்டுக்குப் பின்னால் மாமியார் வளர்க்கும் கோழிகளை முன்னுக்குக் கொண்டுவர முடிவு செய்தார்.

நூற்றிருபது கோழி, ஒரு கொட்டகை, ஒரு மாமியார். பண்ணை அவ்வளவுதான். மூன்று நாளைக்கு ஒரு தரம் வேன்காரர் வருவார், பத்து ட்ரே ஏற்றுவார், கடைகளில் இறக்குவார். யார் வீட்டு முட்டை என்று கடைக்காரர் கேட்டதில்லை. கோழிகளும் புகழுக்கு ஏங்கவில்லை. முட்டைக்கு அதுவரை அப்பன் பேர் தேவைப்படவில்லை.

"அடையாளம் வேணும் அத்தை. மனுஷங்க பொருளை வாங்கறதில்ல, பேரை வாங்கறாங்க" என்று மாப்பிள்ளை அன்று பேசியபோது மாமியார் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார்.  மாமனார்தான் மகிழ்ந்துபோனார். ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியார். தன் படத்தைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். சிரித்த மாதிரி இருந்த படத்தை, கண்டிப்பு தெரியவில்லை என்று தள்ளிவிட்டார்.

இப்போது அந்தக் கண்டிப்பு முந்நூறு பிரதிகளாக வாசற்படியில் கிடந்தது.

படம்தான் பிரச்சனை என்றால் படத்தை எடுத்துவிட்டால் போயிற்று. மாப்பிள்ளை கிழித்துப் பார்த்தார், ஸ்டிக்கர் வரவில்லை. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து முட்டைகளை ஊறப்போட்டு, தேய்த்தார். சோப்புக் கம்பெனி அனுபவம் வீண் போகவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. சிலவற்றில் மட்டும் மாமனாரின் ஒரு காதும் அரைக் கண்ணாடியும் போகாமல் நின்றன.

மாமியார் வந்து பார்த்தார்.

"கழுவிட்டீங்களா மாப்பிள்ளை?"

"சுத்தமா அத்தை!"

"கழுவின முட்டை தாங்காது. ஒரு வாரத்துக்குள்ள போகணும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மாள் வார்த்தையைச் செலவு செய்யமாட்டார். பின்கட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு தகர டப்பா, அதற்குள் எரியும் பல்ப், டப்பாவின் மூடியில் ஓர் ஓட்டை. ஒவ்வொரு முட்டையாக ஓட்டையின்மேல் வைத்து உள்ளே பார்ப்பார். "தேறும்" என்றால் இந்தப் பக்கம். "தேறாது" என்றால் காதில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு சுழி. அந்தப் பக்கம். ஒரு முட்டைக்கு ஒரு நொடிக்குமேல் ஆகாது. முகத்தில் இரக்கமும் இருக்காது, கோபமும் இருக்காது.

அன்று மாலை மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்பைப் படித்தார்.

"தீவனம் இன்னும் ஒரு மூட்டை இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் வரும். முட்டை போகலைன்னா அடுத்த மூட்டை கிடையாது. சனிக்கிழமைக்குள்ள வாங்க ஆள் கிடைக்கலைன்னா கறிக்கடைக்காரர் கூண்டோட வர்றார். சொல்லி அனுப்பியாச்சு. எதுவும் கணக்கா இருக்கணும்."

மாமியார் எழுந்து கொட்டகைக்குப் போனார். மாப்பிள்ளை பின்னாலேயே போனார். கோழிகள் வரிசை வரிசையாக இருந்தன. மாமியார் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "கடைசி பெஞ்சு, சத்தம்" என்றார். கடைசி வரிசை அடங்கியது. பிறகு ஒரு கோழியின் கழுத்தை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

மாப்பிள்ளை காலி வாளியை வாங்கிக்கொண்டார். எல்லாம் தன்னால் வந்த வினை.

"அத்தை, நான் ஆள் பிடிச்சுத் தர்றேன். சனிக்கிழமைக்குள்ள."

"பார்க்கலாம்" என்றார் மாமியார். அடுத்த பரீட்சையில் நன்றாக எழுதுகிறேன் என்று சொன்ன பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை ஒரு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு கடைவீதி பேக்கரிக்குப் போனார். பேக்கரிக்காரர் மாவுக்கையோடு வந்து ஒரு முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் விட்டார். மஞ்சள் கரு உருண்டையாக நிமிர்ந்து நின்றது.

"அட, என்னமா நிக்குது! தினம் ரெண்டு ட்ரே எடுத்துக்கறேன். எந்தப் பண்ணை?"

"நம்ம கணக்கு வாத்தியார் வீடு. நான் அவர் மாப்பிள்ளை."

பேக்கரிக்காரர் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"சார் ஏற்கெனவே எனக்கு மூணு முட்டை குடுத்திருக்கார்."

"அப்படியா! எங்ககிட்ட சொல்லவே இல்லையே. எப்ப?"

"காலாண்டுல ஒண்ணு, அரையாண்டுல ஒண்ணு, முழு ஆண்டுல ஒண்ணு."

மாப்பிள்ளை விற்பனைச் சிரிப்பை விடவில்லை. "நல்லா இருந்துச்சா?"

"எங்கப்பாவுக்குப் பிடிக்கல. பெல்ட்டைக் கழட்டிட்டார்."

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு விளங்கியது. 

"முட்டை வாத்தியார்னா இந்த ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும்" என்றார் பேக்கரிக்காரர். "ஒரு வரி தப்பினா முட்டை. ஒரு புள்ளி தப்பினா முட்டை. அந்த முட்டைல அப்பா கையெழுத்து வாங்கிட்டு வரணும். இன்னிக்கு அதே மனுஷன் வீட்டு முட்டையை நான் காசு குடுத்து வாங்கணுமா? ட்ரேயை எடுங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன்டி, உங்கப்பாவுக்கு ஊர்ல என்ன பேருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்கப்பாவ முட்டைன்னு என் வாயால நானே சொல்லணுமா?"

"அவர் படத்தை முட்டை மேல ஒட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதான் யாரையும் பேச விடலியே. பேரை வாங்கறாங்க, பேரை வாங்கறாங்கன்னீங்க. பேரு இதுதான்."

புதன்கிழமை மாப்பிள்ளை பேரை வீட்டிலேயே விட்டுவிட்டு, மாணவர் விடுதிக்குப் போனார். நூற்றைம்பது பையன்கள் தங்கும் இடம். தினமும் காலையில் தலைக்கு ஒரு முட்டை. விடுதிக் காப்பாளர் சாந்தமான மனிதர். "நண்பர் ஒருத்தர் பண்ணை" என்று மாப்பிள்ளை சொன்னதை நம்பினார். பேனாவைத் திறந்தார். சும்மா ஒரு முட்டையைக் கையில் எடுத்து உருட்டினார். உருட்டிய கை நின்றது.

முட்டையின் பின்பக்கம் ஒரு காதும் அரைக் கண்ணாடியும் இருந்தன.

"இந்தக் காதை எனக்குத் தெரியும்" என்றார் காப்பாளர், குரல் இறங்க. "கடைசி பெஞ்சுல கிசுகிசுன்னு பேசினாலும் கேட்கும்."

பேனா மூடிக்கொண்டது. ஆனால் அவர் பேக்கரிக்காரரைப்போல ட்ரேயை எடுக்கச் சொல்லவில்லை. 

"ஒண்ணு செய்யுங்க. சார் நேர்ல வரட்டும். அன்னிக்குப் போட்டது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். தினம் அஞ்சு ட்ரே நானே எடுத்துக்கறேன். பேக்கரிக்காரன் என் வகுப்புதான், அவனையும் சம்மதிக்க வைக்கிறேன்."

இரண்டு இடத்துக்கும் தினம் ஏழு ட்ரே. கோழிகளால் அவ்வளவு முட்டை போட முடியாது என்பதை மாப்பிள்ளை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. விற்பனைக்காரர்கள் அதையெல்லாம் நினைப்பதில்லை.

செய்தியைக் கேட்டதும் மாமனார் எழுந்து நின்றார். எதிரே நாற்பது பையன்கள் உட்கார்ந்திருப்பதுபோல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மன்னிப்பா? நானா? ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொன்னதுக்கா? இந்த ஊர்ல பாலம் விழாம நிக்குதுன்னா, கடையில கல்லா சரியா இருக்குதுன்னா, யாரால? கணக்கு யாருக்கும் சலுகை காட்டாது மாப்பிள்ளை. அந்த முட்டை ஒவ்வொண்ணும் ஒரு பாடம்!"

பின்கட்டிலிருந்து, "தேறாது" என்று ஒரு குரல் கேட்டது. மாமியார் முட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை பார்த்தது இது: கொட்டகை வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மாமியார் கடைசித் தீவன மூட்டையிலிருந்து அள்ளி, ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் கூடவே போட்டார், விருந்தாளியை வழியனுப்புவதுபோல. மாமனார் அதைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"காலைல குடையை எடுத்து வைங்க மாப்பிள்ளை. போய்ட்டு வந்துடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றார்.

கௌரவம் விடவில்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பேக்கரியில் மாமனார் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தது இப்படி: உள்ளே போனார், தொண்டையைச் செருமினார், விலைப்பலகையைப் பார்த்தார்.

"ஒரு பன் எட்டு. ஆறு பன் ஐம்பதா? ஆறெட்டு எவ்வளவுடா?"

பேக்கரிக்காரரின் முகம் பன்னிரண்டு வயதுப் பையன் முகமாக மாறியது. அடுத்த நொடியே திரும்பவும் பேக்கரிக்காரர் முகமானது, சிவந்தது.

"பார்த்தீங்களா? இதுக்குத்தான் சார் வந்தீங்களா? கடையில நாலு பேர் முன்னாடி இன்னொரு முட்டை போட்டுட்டுப் போகலாம்னா?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். நூற்றிருபது கோழிகளும் கூண்டில் ஏறுவது தெரிந்தது.

மாமனார் குடையைத் தரையில் ஊன்றி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். கொஞ்சம் குனிந்தார். அந்த முதுகு குனிந்து ஊர் பார்த்ததில்லை.

"என் வீட்லேர்ந்து வந்த முட்டை எதுவானாலும் பொறுப்பு என்னுதுப்பா. இன்னிக்கு வந்ததுக்கும் சரி, அன்னிக்கு வந்ததுக்கும் சரி. மன்னிச்சுடு."

பன் வாங்க வந்தவர்கள் பன்னை மறந்து நின்றார்கள். பேக்கரிக்காரர் துணியால் பலகையில் ஐம்பதை அழித்தார். நாற்பத்தெட்டு என்று எழுதினார்.

"ரெண்டு ட்ரே வெச்சுட்டுப் போங்க சார்."

அடுத்து விடுதி. காப்பாளர் பீரோவைத் திறந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். அவருடைய அரையாண்டுக் கணக்குத் தாள். அப்பாவிடம் காட்டப் பயந்து ஒளித்து வைத்தது. ஓரத்தில், சிவப்புப் பென்சிலில், கச்சிதமாக ஒரு முட்டை. கீழே மாமனாரின் கையெழுத்து.

"விடை தப்புன்னு தெரியும் சார். எங்க தப்புன்னு முப்பது வருஷமா தேடறேன். நீங்களே சொல்லுங்க."

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். சுவர்க் கடிகாரம் ரொம்ப நேரம் ஓடியது.

"தப்பு இருக்கும்" என்றார் கடைசியில். "இல்லாம முட்டை விழுந்திருக்காது. ஆனா போட்டிருக்க வேணாம். எவ்வளவு வேணும் உனக்கு?"

"பாஸ் ஆனா போதும் சார்."

மாமனார் பேனாவை எடுத்தார். கை நடுங்கியது. முட்டையை அடித்து, பக்கத்தில் முப்பத்தைந்து என்று போட்டுக் கையெழுத்திட்டார். காப்பாளர் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். வேடிக்கை என்னவென்றால், மாமனாரின் முகத்தில்தான் பாஸ் ஆனவனின் களை இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளைக்குள் தூங்கிக்கொண்டிருந்த சோப்புக் கம்பெனி விழித்துக்கொண்டது. வரும் வழியிலேயே நாலு பேரிடம் சொல்லிவிட்டார்: "ஒரு ட்ரே முட்டை வாங்கறவங்களுக்கு ஒரு பழைய முட்டை அடிக்கப்படும். சனிக்கிழமை மட்டும்."

சனிக்கிழமை காலையில் வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. தலை நரைத்தவர்கள், தொப்பை வைத்தவர்கள், பேரன் கையைப் பிடித்து வந்தவர்கள். தாள் வைத்திருந்தவர்கள் தாளோடு வந்தார்கள். இல்லாதவர்கள் வெள்ளைக் காகிதத்தில் தாங்களே ஒரு முட்டை வரைந்துகொண்டு வந்தார்கள். மாமனார் வாசலில் மேஜை போட்டு முப்பத்தைந்து போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பது மணிக்கு முட்டை தீர்ந்துவிட்டது. வரிசை தீரவில்லை.

"எட்டாவது ஆளுக்கு ரெண்டு ட்ரே குடுத்தீங்களே!"

"எனக்கு ரெண்டு முட்டை அண்ணே, காலாண்டு, அரையாண்டு!"

"அப்ப நாங்க இன்னும் ஃபெயிலா?"

இந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு லாரி வந்து நின்றது. கறிக்கடைக்காரர் இறங்கினார். பின்னால் காலிக் கூண்டுகள்.

"கூண்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று ஓடினார் மாப்பிள்ளை. "முட்டை பூரா வித்துடுச்சு. கோழி எங்களுக்கே வேணும்!"

"சார் வாக்குக் குடுத்திருக்கார். கணக்கா இருக்கணும்னு சொல்லித் தந்ததே அவர்தான்." கறிக்கடைக்காரர் பெரிய உருவம். மேஜைக்கு முன்னால் வந்ததும் சுருங்கி நின்றார். சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். "எனக்கும் ஒண்ணு இருக்கு சார். எங்கப்பாகிட்ட காட்டணுமேன்னு பயந்து ஒளிச்சு வெச்சேன். அவர் போய்ச் சேர்ந்தே பத்து வருஷம் ஆச்சு. முப்பத்தஞ்சு போடுங்க. கோழியைத் தொடமாட்டேன்."

ஒரு கையெழுத்து. நூற்றிருபது உயிர். மாமனார் பேனாவைத் தாளில் வைத்தார்.

"என்ன கூத்து இது?"

மாமியார் கொட்டகைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு நாளாக முட்டை எப்படிப் போகிறது என்று கேட்காதவர். காதில் சிவப்புப் பென்சில். மேஜைமேல் கிடந்த முப்பத்தைந்துகளைப் பார்த்தார். கறிக்கடைக்காரரின் தாளைக் கணவரின் பேனாவுக்கு அடியிலிருந்து உருவினார். முட்டையைப் பார்ப்பதுபோல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு நொடி.

"தேறாது."

"அத்தை!" என்று அலறினார் மாப்பிள்ளை. "கோழி!"

"கோழிக்காகக் கணக்கு மாறுமா? இங்க பாருப்பா. மூணாவது வரி. அடைப்புக்குறிக்கு முன்னாடி கழித்தல் இருக்கு. அடைப்பை எடுத்தா உள்ள இருக்கற கூட்டல் கழித்தலா மாறணுமா, வேணாமா? நீ மாத்தல. அதுக்கப்புறம் எழுதினது அத்தனையும் போச்சு."

கறிக்கடைக்காரர் தாளை வாங்கி, உதடு அசைய, மூன்றாவது வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆமாம்மா" என்றார். "தப்புதான். இத்தனை வருஷமா நான் முட்டையை மட்டும்தான் பார்த்தேன். மூணாவது வரியைப் பார்க்கவே இல்ல."

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார். டிரைவரைப் பார்த்து, லாரியைத் திருப்பச் சொன்னார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து என் கடையில ஒரு பக்கம் உங்க முட்டைக்கு ஒதுக்கிடறேன்மா. உங்க முட்டையை நம்பலாம்."

லாரி போனது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தாளில் மூன்றாவது வரியைத் தேட ஆரம்பித்தார்கள். மாமனார் குடையின் நுனியை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக. "மாமாவால முடியலியே. உங்களுக்கு எப்படி ஒரே பார்வையில...?"

மாமியார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"உங்க மாமாவுக்குப் பசங்க பேரைப் பார்த்தாலே கை நடுங்கும் மாப்பிள்ளை, எல்லாருக்கும் முப்பத்தஞ்சு போட்டுட்டு வந்து நிப்பார்; அதனால கையெழுத்து மட்டும்தான் அவரு, முட்டை பூரா நான் போட்டது."